பள்ளி கொடுத்த குரோம்புக்கில் ஜூம் தமிழ் வகுப்பு: சிலருக்குச் சேரவே முடியவில்லை, சேர்ந்தவர்களுக்குத் திக்குகிறது

எழுதியவர்: வாரஇறுதி வாத்தியார்

வணக்கம். அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜூமில் நடக்கும் ஒரு தமிழ் வகுப்பின் தொழில்நுட்ப வேலை என் பொறுப்பில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு 8 முதல் 11 வயது. பாதிக்கு மேற்பட்டவர்கள் குரோம்புக்கில்தான் (கூகுளின் குரோம் ஓஎஸ் ஓடும் லேப்டாப்) வருகிறார்கள். சில பொதுப் பள்ளி கொடுத்தவை, சில பெற்றோர் கடையில் வாங்கியவை. தொல்லைகள் இவை:

1. பள்ளிக் குரோம்புக் வைத்திருக்கும் ஒரு பிள்ளைக்கு லிங்க்கை அழுத்தியதுமே "இந்தத் தளம் தடுக்கப்பட்டுள்ளது" என்று ஒரு பக்கம் வருகிறது. இன்னொரு பிள்ளை உள்ளே வந்துவிடுகிறது, ஆனால் கேமராவும் மைக்கும் இல்லை. மூன்றாவது பிள்ளையிடம் "சைன் இன் செய்தால்தான் சேரலாம்" என்று கேட்கிறது.

2. சொந்தக் குரோம்புக்கில் (செலரான் என்4020, 4 ஜிபி ரேம்) பத்துப் பதினைந்து நிமிடத்தில் குரல் வெட்டி வெட்டி வருகிறது, படம் உறைந்து நிற்கிறது. அந்த வீட்டில் ஸ்பீட் டெஸ்ட் 200 எம்பிபிஎஸ் காட்டுகிறது. அப்படியானால் நெட் காரணம் இல்லைதானே?

3. ஆசிரியரும் குரோம்புக்தான். யூடியூப்பில் ஒரு பாட்டைப் போட்டு ஸ்கிரீன் ஷேர் செய்தால் எல்லோருக்கும் படம் தெரிகிறது, சத்தம் போகவில்லை.

4. குறளைக் கோரஸாகச் சொல்லச் சொன்னால் ஒரே இரைச்சல். இதற்கு வழி உண்டா, அல்லது விட்டுவிட வேண்டியதுதானா?

புது லேப்டாப் வாங்குங்கள் என்ற பதிலைத் தவிர எதுவும் சொல்லலாம்.

---

பதில் 1
எழுதியவர்: ஐடி டிக்கெட்

முதல் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். பள்ளி மாவட்டங்களின் குரோம்புக் நிர்வாகம்தான் நம் வேலை. அந்த மூன்று பிள்ளைகளுக்கும் இருப்பது ஒரே கோளாறு இல்லை.

சைன் இன் கேட்பது குரோம்புக்கின் குற்றமே இல்லை. உங்கள் பக்கத்து செட்டிங். மீட்டிங் நடத்துபவரின் கணக்கில் ஜூம் இணையதளத்துக்குள் போய் செட்டிங்ஸ், மீட்டிங், செக்யூரிட்டி என்று இறங்குங்கள். உள்நுழைந்தவர்கள் மட்டுமே வெப் கிளையன்ட்டிலிருந்து (பிரவுசரில் ஓடும் ஜூம்) சேரலாம் என்ற பொருளில் ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதை அணையுங்கள். சின்னப் பிள்ளைகள் தாமாக ஜூம் கணக்கு திறக்க முடியாது. அந்த ஸ்விட்ச் எரிந்துகொண்டிருந்தால் பிரவுசரில் வரும் பிள்ளைகள் அத்தனை பேரும் வாசலிலேயே நிற்பார்கள். அதே செட்டிங்ஸில் கீழே "இன் மீட்டிங், அட்வான்ஸ்டு" பகுதியில் "ஜாயின் ஃப்ரம் யுவர் பிரவுசர்" லிங்க்கைக் காட்டு என்று ஒன்று உண்டு. அதை ஏற்றிவிடுங்கள். பாதுகாப்புக்கு பாஸ்கோடும் வெயிட்டிங் ரூமும் இருந்தால் போதும்.

தடுக்கப்பட்ட பக்கம் வருவது பள்ளியின் வடிகட்டி. அமெரிக்காவில் இ-ரேட் என்ற இணையச் செலவு மானியம் வாங்கும் பள்ளிகள் 2000-இல் வந்த குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வடிகட்டி வைத்தே ஆக வேண்டும். பெரும்பாலும் அது பிள்ளையின் பள்ளிக் கணக்கோடு ஒட்டிவரும் ஓர் எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு சேர்ந்து ஓடும் சின்ன நிரல். அதனால் வீட்டு வைஃபையிலும் அது விடாது. ரவுட்டரை மாற்றிப் பயனில்லை. பவர்வாஷ் (எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்குவது) செய்தாலும் மறுபடி பள்ளி நிர்வாகத்துக்குள்தான் போய் நிற்கும். டெவலப்பர் மோடு போன்ற குறுக்கு வழிகளை யூடியூப்பில் பார்த்துவிட்டு முயல வேண்டாம். பிள்ளையின் பெயரில் ஒழுங்குப் பிரச்சினை ஆகும், அவ்வளவுதான் மிச்சம்.

செய்யக்கூடியது: பெற்றோர் பள்ளி ஐடிக்கு மின்னஞ்சல் எழுதுவது. "ஜூம் வேலை செய்யவில்லை" என்று ஒரு வரி எழுதினால் டிக்கெட் (புகார்ப் பதிவு) அப்படியே மூடப்படும். தடுப்புப் பக்கத்தின் படம், எந்த முகவரி தடுக்கப்பட்டது, எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வகுப்பு, வகுப்பை நடத்துவது யார், இவற்றை எழுதுங்கள். ஜூம் டாட் யுஎஸ் டொமைனும் அதன் துணை டொமைன்களும் திறக்கப்பட வேண்டும் என்று குறிப்பிடுங்கள். ஜூம் பிரவுசர் வடிவம் ஓடுவது "ஆப்" என்று தொடங்கும் துணை டொமைனில். முதன்மை முகவரியை மட்டும் திறந்துவிட்டால் முதல் பக்கம் வரும், மீட்டிங் வெள்ளையாக நிற்கும்.

கேமரா, மைக் இல்லாத பிள்ளைக்கு வரிசையாக இப்படிப் பாருங்கள்.

முதலில் குரோம்புக்கிலேயே உள்ள கேமரா ஆப்பைத் திறக்கச் சொல்லுங்கள். அதிலும் கருப்பாக இருந்தால் கேமராவின் மேல் தள்ளுமூடி இருக்கிறதா, சில மாடல்களில் பக்கவாட்டில் இருக்கும் கேமரா ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் கேமரா அக்சஸ், மைக்ரோஃபோன் அக்சஸ் இரண்டும் ஆன் ஆக இருக்க வேண்டும்.

கேமரா ஆப்பில் முகம் தெரிகிறது, ஜூமில் தெரியவில்லை என்றால் அது தள அனுமதி. முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் இரண்டு கோடும் இரண்டு வட்டமும் போட்ட ஐகான் (முன்பு பூட்டுப் படம் இருந்த இடம்) அழுத்தி கேமரா, மைக் இரண்டையும் அனுமதித்து, பக்கத்தை ரீலோடு செய்ய வேண்டும். ரீலோடு செய்யாமல் "இன்னும் வரலையே" என்பவர்கள்தான் அதிகம்.

அந்த இடத்தில் ஸ்விட்ச் மங்கலாகி, பக்கத்தில் ஒரு கட்டிடப் படம் இருந்தால் அது நிர்வாகியின் பாலிசி, அதாவது பள்ளி வைத்த கட்டுப்பாடு. முகவரிப் பட்டையில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று ஆங்கிலத்தில் அடித்தால் வரும் பட்டியலில் "வீடியோ கேப்சர் அலவ்டு", "ஆடியோ கேப்சர் அலவ்டு" என்ற பெயர்களைத் தேடுங்கள். "ஃபால்ஸ்" என்றிருந்தால் பள்ளி மூடிவைத்திருக்கிறது. குறிப்பிட்ட தளங்களுக்கு மட்டும் கேமராவைத் திறந்துவிடத் தனிப் பாலிசியே இருக்கிறது, "வீடியோ கேப்சர் அலவ்டு யுஆர்எல்ஸ்" என்று பெயர். ஆடியோவுக்கும் அதே போல ஒன்று. மின்னஞ்சலில் அந்தப் பெயர்களையே எழுதினால் எங்களுக்கு வேலை இரண்டு நிமிடம். சில மாவட்டங்கள் அந்தப் பாலிசி பக்கத்தையே மூடியிருக்கும், அப்போது கட்டிடப் படத்தின் ஸ்கிரீன்ஷாட் போதும்.

கூகுள் மீட்டுக்கு மாறினால் சரியாகுமா என்று கேட்கப்போகிறீர்கள். பள்ளிக் கணக்குகள் எந்த மீட்டிங்குகளில் சேரலாம் என்பதற்கும் நிர்வாகியிடம் ஒரு செட்டிங் இருக்கிறது. தன் நிறுவனத்துக்குள் நடக்கும் மீட்டிங் மட்டும் என்று வைத்திருந்தால், நீங்கள் தனிப்பட்ட ஜிமெயிலில் திறக்கும் மீட்டுக்குள் பிள்ளை வரவே முடியாது. இடம் மாறினாலும் வாசல்காரர் அவரேதான்.

---

பதில் 2
எழுதியவர்: சும்மா ஒரு ஆள்

பிளே ஸ்டோருக்குப் போய் ஆண்ட்ராய்டு ஜூம் போடச் சொல்லுங்க. பிரவுசரை விட அதுதான் ஸ்மூத்தா ஓடும். பழைய ஜூம் ஐகான் இருந்தா அதையும் ஒருதடவை திறந்து பாருங்க.

---

பதில் 3
எழுதியவர்: குரோம்கிறுக்கன்

மேலே சொன்ன இரண்டுமே 4 ஜிபி மெஷினுக்கு ஆகாது. பழைய ஜூம் ஐகான் என்பது குரோம் ஆப். 2022 ஆகஸ்ட்டிலேயே ஜூம் அதை நிறுத்திவிட்டது. ஆண்ட்ராய்டு ஆப்கள் குரோம் ஓஎஸ்ஸுக்குள் தனி விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி மாதிரி) ஓடுகின்றன. அது எழுந்து உட்காரவே ரேமில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி இருந்தால் தாங்கும். 4 ஜிபியில் வகுப்பு தொடங்கும் முன்பே பாதி மூச்சு போய்விடும். ஜூமுக்கு இப்போது இருப்பது பிடபிள்யுஏ, அதாவது பிரவுசரே தனி விண்டோவாகத் திறப்பது. பிளே ஸ்டோரில் தேடினால் "ஜூம் ஃபார் குரோம், பிடபிள்யுஏ" என்று வரும், அதையே போடுங்கள். அது கிடைக்காவிட்டால் சாதாரண டேப்பில் "ஜாயின் ஃப்ரம் யுவர் பிரவுசர்" அழுத்தினாலும் வேலை நடக்கும், பெரிய வித்தியாசம் கிடையாது.

இப்போது இரண்டாவது கேள்வி. 200 எம்பிபிஎஸ் காட்டுவதால் நெட் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அதே சமயம் இந்தக் கேஸில் முதல் சந்தேகம் நெட் மேலும் இல்லை. என்4020 என்பது இரண்டு கோர், 6 வாட் சிப். மின்விசிறி இல்லாத உடம்பு. பிரவுசருக்குள் ஓடும் ஜூமில் வரும் படங்களை விரிப்பது, உங்கள் படத்தைச் சுருக்கி அனுப்புவது இரண்டிலும் பெரும்பங்கு சிபியு, அதாவது அந்தச் சிப்பின் தலையில் விழும். பத்து நிமிடம் கழித்துத்தான் திக்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் துப்பு. முதலில் முழு வேகத்தில் ஓடும், சூடு ஏறியதும் சிப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போது குரல் வெட்டும். நெட் கோளாறாக இருந்தால் முதல் நிமிடத்திலும் வரும், நாற்பதாவது நிமிடத்திலும் வரும்.

உறுதிசெய்ய: வகுப்பு நடக்கும்போது சர்ச் பட்டனையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். சிபியு தலைப்பை அழுத்தினால் அதிகம் தின்பது மேலே வரும். ஜூமோடு போட்டிபோடும் டேப் எதுவாவது இருந்தால் அங்கேயே "எண்ட் பிராசஸ்". பிறகு லாஞ்சரில் டயக்னாஸ்டிக்ஸ் என்று தேடித் திறந்தால் சிபியு வரைபடமும், மீதமிருக்கும் மெமரியும் தெரியும்.

மாற்ற வேண்டியவை, பலன் அதிகமானது முதலில்:

கேலரி வியூவை விட்டு ஸ்பீக்கர் வியூவுக்கு மாறுங்கள். இருபது முகங்களை ஒரே நேரத்தில் விரிப்பதற்கும் ஒரு முகத்தை விரிப்பதற்கும் உள்ள வித்தியாசம் வேறெந்த செட்டிங்கிலும் வராது. பிள்ளைகளுக்கு நண்பர்களின் முகம் பார்க்க ஆசைதான். வருகைப் பதிவின்போது மட்டும் கேலரி, பாடம் தொடங்கியதும் ஸ்பீக்கர் என்று ஆசிரியர் சொல்லிவிடலாம்.

பின்னணி மங்கல், விர்ச்சுவல் பேக்ரவுண்ட் இரண்டும் வேண்டாம். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஆளைத் தனியே வெட்டியெடுக்கும் வேலை அது. இந்த சிப்புக்கு மிகை.

பிளே ஸ்டோர் தேவையில்லாத குடும்பம் என்றால் செட்டிங்ஸ், ஆப்ஸ், கூகுள் பிளே ஸ்டோர் போய் ரிமூவ் செய்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு ஆப்கள் எல்லாம் போய்விடும், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வகுப்புக்கு முன் ஒருமுறை முழு ரீஸ்டார்ட். மூடியை மூடித் திறப்பது ரீஸ்டார்ட் ஆகாது. அப்டேட் காத்திருந்தால் அதுவும் அப்போதே போய்ச் சேரும்.

மெத்தை, தலையணை, மடி மேல் வைக்க வேண்டாம். மேசை மேல் வையுங்கள். ஃபேன் இல்லாத மெஷினில் அடிப்பாகம்தான் சூட்டை வெளியே விடுகிறது.

சார்ஜரையும் பாருங்கள். ஃபோன் சார்ஜரைச் செருகினால் "லோ பவர் சார்ஜர்" என்று அறிவிப்பு வரும். வகுப்பு ஓடும்போது அதில் சார்ஜ் ஏறுவதற்குப் பதில் இறங்கிக்கொண்டே போகலாம். பெட்டியோடு வந்த 45 வாட் யுஎஸ்பி-சி சார்ஜரைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள்.

---

பதில் 4
எழுதியவர்: கம்பிவடம்

குரோம்கிறுக்கன் சொன்ன வரிசை சரி. அதையெல்லாம் செய்த பிறகும் திக்கினால்தான் நெட் பக்கம் வாருங்கள்.

ஜூம் சொல்லும் கணக்குப்படி குழு வீடியோவுக்கு ஏற்றத்தில் (அப்லோடு) 1 எம்பிபிஎஸ், இறக்கத்தில் (டவுன்லோடு) 600 கேபிபிஎஸ் போதும். 25 பேர் தெரியும் கேலரிக்கு இறக்கம் 2 எம்பிபிஎஸ். வெறும் குரலுக்கு 60 முதல் 80 கேபிபிஎஸ். அதனால் 200 என்ற எண்ணைப் பார்த்துப் பயன் இல்லை. அமெரிக்கக் கேபிள் இணைப்புகளில் ஏறும் வேகம் இறங்கும் வேகத்தில் ஒரு சின்னப் பங்குதான். ஸ்பீட் டெஸ்ட்டில் அப்லோடு எண்ணைப் பாருங்கள். அதுவும் வகுப்பு நேரத்தில், வீட்டில் எல்லோரும் இருக்கும்போது பாருங்கள். அப்பாவின் ஃபோன் சனிக்கிழமை எடுத்த படங்களை ஞாயிறு காலை கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்தால் ஏற்றம் நிரம்பிவிடும். பிள்ளையின் குரல் அந்த வரிசையில் பின்னால் நிற்கும். பேக்கப்பை வகுப்பு முடியும்வரை நிறுத்தினால் போதும்.

வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பெயரும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரும் தனித்தனியாக இருந்தால் 5-இல் சேருங்கள். புளூடூத் ஹெட்செட்டும் 2.4-இல்தான் ஓடுகிறது, இரண்டும் ஒரே அலைவரிசையில் இடித்துக்கொள்ளும்.

புளூடூத்தில் இன்னொரு சங்கதி. பாட்டு கேட்கும்போது அருமையாக இருக்கும் அதே ஹெட்செட், மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் அழைப்பு முறைக்கு மாறும். அப்போது ஒலி 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகத்துக்கு இறங்கிவிடும். பழைய டெலிஃபோன் போலக் கேட்கும். ல, ள, ழ வித்தியாசத்தைப் பிள்ளை காதால் பிடிக்க வேண்டிய வகுப்பில் இது சின்ன விஷயம் இல்லை. 3.5 மிமீ பின், மூன்று கறுப்பு வளையம் உள்ள, மைக்கோடு கூடிய கம்பி இயர்ஃபோன் போதும். இரண்டு வளையம் மட்டும் இருந்தால் அதில் மைக் கிடையாது.

ரவுட்டர் பக்கத்திலேயே இருந்தால் யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் வாங்கிச் செருகலாம். ரியல்டெக் ஆர்டிஎல்8153 சிப் உள்ளது குரோம்புக்கில் டிரைவர் எதுவும் போடாமல் வேலை செய்யும். நெட் அறவே போனால் ஆண்ட்ராய்டு ஃபோனைக் கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங் (ஃபோனின் நெட்டைக் குரோம்புக்குக்குக் கொடுப்பது) போடலாம், குரோம்புக் அதை ஈதர்நெட்டாகவே எடுத்துக்கொள்ளும். ஏற்றமும் இறக்கமும் சேர்த்து 1.6 எம்பிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 720 எம்பி ஆகும். டேட்டா பிளானைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பதில் 5
எழுதியவர்: வாரஇறுதி வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. சைன் இன் ஸ்விட்ச் எங்கள் பக்கம் எரிந்துகொண்டுதான் இருந்தது, அணைத்தாயிற்று.

இரண்டு சந்தேகம். டாஸ்க் மேனேஜரில் ஜூமுக்கு எதிரே சிபியு 140, 150 என்று காட்டுகிறது. நூற்றுக்கு மேல் எப்படி? இன்னொன்று, சொந்தக் குரோம்புக் ஒன்றில் (பள்ளியுடையது இல்லை) கேமரா அனுமதி கேட்கும் கட்டமே வருவதில்லை. பிள்ளைக்கு அப்பா அம்மா திறந்துகொடுத்த கூகுள் கணக்கு.

---

பதில் 6
எழுதியவர்: குரோம்கிறுக்கன்

ஒரு கோர் என்றால் 100. உங்களுடையது இரண்டு கோர், மொத்தம் 200. ஜூம் டேப் மட்டும் 150 என்றால் மீதி 50-இல்தான் சிஸ்டம், திரை, ஒலி எல்லாம் ஓட வேண்டும். ஸ்பீக்கர் வியூவுக்கு மாறிவிட்டு அதே வரியை மறுபடி பாருங்கள். எண் பளிச்சென்று இறங்கினால் காரணம் அதுதான், வேறு எங்கும் தேட வேண்டாம்.

---

பதில் 7
எழுதியவர்: மூன்று பிள்ளைகளின் அம்மா

அந்த இரண்டாவது சந்தேகத்துக்குக் காரணம் ஃபேமிலி லிங்க், பிள்ளையின் கணக்கைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் கூகுள் ஆப். பெற்றோர் ஃபோனில் ஃபேமிலி லிங்க் ஆப்பைத் திறந்து பிள்ளையின் பெயர், அதில் கூகுள் குரோம் அண்ட் வெப், அதன் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் தளங்கள் கேமரா, மைக், இடம் கேட்க அனுமதிக்கலாமா என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அது அணைந்திருந்தால் தளம் கேட்கவே கேட்காது. பிள்ளையின் திரையில் தேடிப் பயனில்லை. "அனுமதித்த தளங்கள் மட்டும்" என்று வைத்திருந்தால் ஜூம் முகவரியையும் அதில் சேர்க்கணும். இரண்டையும் சனிக்கிழமையே செய்துவிடுங்க. ஞாயிறு காலை வகுப்பு ஆரம்பிச்ச பிறகு அப்பாவோட ஃபோனைத் தேடி ஓட வேண்டாம்.

சும்மா சோதனைக்கு: குரோம்புக்கில் கெஸ்ட்டாக நுழைந்து ஜூமைத் திறந்து பாருங்க. கெஸ்ட்டில் எக்ஸ்டென்ஷன் கிடையாது, ஃபேமிலி லிங்க் கிடையாது, பழைய அனுமதிகளும் கிடையாது. அங்கே கேமரா வந்தால் மெஷின் நல்லா இருக்கு, கணக்கில்தான் ஏதோ தடுக்குதுன்னு அர்த்தம். பிள்ளைகளுக்காகக் கெஸ்ட்டை மூடி வைத்திருந்தால் அம்மா அப்பா கணக்கில் நுழைந்து பார்த்தாலும் சரி.

ஒரே வீட்டிலிருந்து அக்காவும் தம்பியும் இரண்டு குரோம்புக்கில் ஒரே வகுப்புக்கு வந்தால் ஊளைச் சத்தம் வரும், கவனிச்சிருப்பீங்க. ஒருத்தரின் ஸ்பீக்கரிலிருந்து வருவது இன்னொருத்தரின் மைக்கில் ஏறும். இருவருக்கும் இயர்ஃபோன் இருந்தால் தீர்ந்தது. ஒரே ஒரு இயர்ஃபோன்தான் இருக்குன்னா இருவரையும் வேறு வேறு அறைக்கு அனுப்புங்க. மைக்கை மியூட் செய்வதால் மட்டும் பாதிதான் தீரும்.

---

பதில் 8
எழுதியவர்: ஒலிப்பெட்டி

சத்தம் போகாத கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது, எடுத்துக்கொள்கிறேன்.

ஷேர் அழுத்தியதும் வரும் கட்டத்தில் மூன்று பிரிவு இருக்கும்: குரோம் டேப், விண்டோ, முழுத் திரை. விண்டோவைத் தேர்ந்தால் சத்தம் போகவே போகாது. ஆசிரியர் அதைத்தான் தேர்ந்திருப்பார். பாட்டு இருக்கும் டேப்பைத் தனியாகத் திறந்து, குரோம் டேப் பிரிவில் அதைத் தேர்ந்து, கட்டத்தின் கீழே "டேப் ஆடியோவையும் பகிர்" என்ற ஸ்விட்ச்சை ஏற்றிவிட்டு ஷேர் கொடுங்கள். ஷேர் தொடங்கிய பிறகு அதைப் போட முடியாது. நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். குரோம்புக்கில் முழுத் திரையைப் பகிரும்போதும் சிஸ்டம் ஆடியோ என்று ஒரு ஸ்விட்ச் வரும், ஆனால் அதில் மின்னஞ்சல் வந்த டிங் சத்தம் உட்பட எல்லாம் வகுப்புக்குப் போகும். டேப்பே நல்லது.

வீடியோ பகிர்வது சிபியுவுக்குக் கனமான வேலை. ஆசிரியரின் மெஷினும் 4 ஜிபி என்றால் யூடியூப் தரத்தை 480-க்கு இறக்கிவிட்டு, அந்த நேரத்துக்குத் தன் கேமராவை அணைத்துக்கொள்ளலாம். மூன்று நிமிடப் பாட்டுக்கு ஆசிரியர் முகம் தேவையில்லை. ஆல்ட்டும் வி எழுத்தும் சேர்ந்தால் கேமரா, ஆல்ட்டும் ஏ எழுத்தும் மைக்.

கோரஸுக்கு வழி கிடையாது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குரல் வந்துசேரும் தாமதம் வேறு வேறு. அதற்கு மேல், இரைச்சல் குறைக்கும் நிரல் ஓங்கி ஒலிக்கும் ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கும். எத்தனை நல்ல மெஷின் வாங்கினாலும் இது தீராது. ஒரு பிள்ளை மைக்கைத் திறந்து முன்சொல்லட்டும், மற்ற எல்லோரும் மியூட்டில் வாய்விட்டுப் பின்சொல்லட்டும். ஆசிரியர் வாயசைவைப் பார்க்கிறேன் என்றால் அந்த ஐந்து நிமிடத்துக்குத் தன் திரையில் மட்டும் கேலரி வைத்துக்கொள்ளலாம். குறளில் முதல் அடி ஒருவர், இரண்டாம் அடி அடுத்தவர் என்று மாற்றி மாற்றிச் சொல்லவைப்பது இன்னும் நன்றாக ஓடும். தாமதம் இருந்தாலும் அது உறுத்தாது.

---

பதில் 9
எழுதியவர்: ஐடி டிக்கெட்

கேட்காத ஒன்று, ஆனால் தமிழ் வகுப்பு என்பதால். குரோம்புக்கில் தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, எதையும் இறக்க வேண்டாம். செட்டிங்ஸில் இன்புட்ஸ் என்று தேடி, ஆட் இன்புட் மெத்தட்ஸ் கொடுத்தால் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஃபோனடிக் எல்லாம் பட்டியலில் வரும். வீட்டில் பெற்றோர் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் எழுதுபவர்கள் என்றால் ஃபோனடிக், பிள்ளைகளுக்குப் புதிதாகவே கற்றுக்கொடுக்கிறீர்கள் என்றால் தமிழ்99. கண்ட்ரோலும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறும். ஜூம் சாட்டில் பதிலைத் தமிழிலேயே தட்டச் சொல்லலாம். மைக் மூடப்பட்ட பள்ளிக் குரோம்புக்கோடு வரும் பிள்ளையும் அப்போது வகுப்பில் பங்கெடுக்கும்.

பழைய குரோம்புக்கை யாராவது பிள்ளைக்குக் கொடுக்கிறேன் என்றால் வாங்கும் முன் செட்டிங்ஸ், அபவுட் குரோம் ஓஎஸ், அடிஷனல் டீடெய்ல்ஸ் போய் அப்டேட் ஷெட்யூலைப் பாருங்கள். 2021 முதல் வெளியான வகைகளுக்குப் பத்து ஆண்டு அப்டேட் உண்டு. தேதி தாண்டிய மெஷினில் குரோம் அதே பதிப்பில் நின்றுவிடும். ஜூம் பிரவுசர் வடிவம் புதிய குரோமைக் கேட்கத் தொடங்கும் நாளில் அது உள்ளே விடாது. அந்த மெஷினில் வேறு எந்த செட்டிங்கையும் மாற்றிப் பயன் இருக்காது.

---

பதில் 10
எழுதியவர்: வாரஇறுதி வாத்தியார்

ஸ்பீக்கர் வியூவில் 150 என்பது 70-க்குக் கீழே வந்துவிட்டது. ஃபேமிலி லிங்க் ஸ்விட்ச்சும் அணைந்துதான் இருந்தது. தடுப்புப் பக்கம் வரும் பிள்ளைக்கு மட்டும் பள்ளிக்கு மின்னஞ்சல் போயிருக்கிறது. பதில் வரும்வரை அம்மாவின் ஃபோனில் வருகிறது.